ஓர் இனம், பல குணம்: சபாக் சாலையின் தென்னைகள்

கோலசிலாங்கூர் என்றதும் நம்மில் பலருக்கு மூன்று நினைவுகள் வரும். மலாவத்திக் குன்றின் பழைய பீரங்கிகள், கம்போங் குவாந்தானில் இரவில் கண் சிமிட்டும் மின்மினிகள், திரும்பும் வழியில் வாங்கும் கருவாடு. இன்னும் வடக்கே போகிறவர்கள் செக்கிஞ்சான் வயல்வெளியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்பால் சுங்கை பெசார், சபாக் என்று சாலை நீளும்போது பெரும்பாலோர் கண்ணயர்ந்து விடுவார்கள். “இனி என்ன இருக்கிறது, தென்னைமரந்தானே!” என்பது அவர்கள் எண்ணம்.

அந்தத் தென்னையைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை அந்தச் சாலையில் போய்வரலாம் என்று வாசகர்களுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கோலசிலாங்கூரிலிருந்து பெர்ணம் ஆற்றங்கரை வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். இடப்புறம் கடல், வலப்புறம் வயலும் தோட்டமும். சன்னலோரம் உட்கார்ந்து மரங்களைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே போனால், தென்னை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற மரத்துக்குள் எத்தனை மரங்கள் என்ற வியப்பு வரும்.

பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை

கடற்கரைச் சாலையில் ஏறுமுன் உள்நாட்டுப் பக்கம் ஓர் ஊரை நினைத்துக்கொள்வோம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் இப்போது பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் ஊருக்கருகே, ‘தென்னமரம்’ என்றே பெயர்கொண்ட தோட்டம் இருக்கிறது. பெயர் நம் தமிழ்ப் பெயர். ஆனால் அது புகழ்பெற்றது வேறொரு மரத்தால். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டில் முதன்முதலாக வாணிப முறையில் செம்பனையைப் பயிரிட்டது 1917-ஆம் ஆண்டில், அந்தத் தென்னமரம் தோட்டத்தில்தான்.

பெயரளவில் தென்னைக்குரிய மண்ணில் அன்று காலூன்றிய செம்பனை, பின்னாளில் இந்தக் கடலோரத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொண்டது. நம் பாட்டன்மார் தேங்காய் உரித்துக் கொப்பரை காயவைத்த நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனைக் குலைகள் ஏறும் லாரிகளைக் காண்கிறோம். இன்று தென்னை மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சிறு நிலக்காரர்களிடத்தில். அவர்களில் ஜாவானிய வழிவந்த குடும்பங்கள் ஏராளம்; நம்மவர்களும் ஆங்காங்கே உண்டு.

இரண்டு உருவங்கள்

தஞ்சோங் காராங் கடந்ததும் கவனித்துப் பாருங்கள். வானத்தை எட்டிப் பிடிப்பதுபோல் வளைந்து நெளிந்து நிற்கும் மரங்கள் ஒரு வகை. வீட்டு வாசலில், கை எட்டும் உயரத்தில் குலை தள்ளி நிற்கும் மரங்கள் இன்னொரு வகை. முன்னது நெட்டை, பின்னது குட்டை. குட்டையிலேயே பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மூன்று நிறங்கள். இந்தக் குட்டைக்கு உலகம் முழுவதும் ‘மலாயன் குட்டை’ என்றே பெயர். நம் நாட்டின் பெயரைச் சுமந்துகொண்டு பல கண்டங்களுக்குப் போன மரம் அது.

பார்த்தால் வேறு வேறு மரம் போலிருக்கும். ஆனால் தாவர நூலார் கணக்கில் இரண்டும் ஒரே இனம். சொல்லப்போனால், தென்னை தன் குடும்பத்தில் ஒண்டிக்கட்டை. அதன் பேரினத்தில் இன்று வேறு இனமே கிடையாது. தமிழ்நாட்டில் சின்னஞ்சிறு காய்களைக் கொத்துக் கொத்தாகத் தள்ளும் ஆயிரங்காச்சியும், இலங்கையில் வழிநடையாளர் தாகம் தீர்க்கும் செவ்விளநீரும், இப்போது நம் நாட்டில் பேர்பெற்றுவிட்ட, தண்ணீரில் ரம்பை வாசம் வீசும் பண்டான் தென்னையும் எல்லாம் அந்த ஒரே இனத்தின் பிள்ளைகளே.

ஒரே இனத்துக்குள் இவ்வளவு வேற்றுமை எப்படி வந்தது? விடை பாளைக்குள் இருக்கிறது. ஒரு பாளை வெடித்ததும் முதலில் ஆண் பூக்கள் மலரத் தொடங்கும். ஏறக்குறைய மூன்று வாரம் அவை மலர்ந்து உதிர்ந்து தீர்ந்த பிறகுதான் நெட்டை மரத்தில் பெண் பூக்கள் பக்குவமடையும். ஆகவே தன் மகரந்தம் தனக்குப் பெரும்பாலும் பயன்படாது. பக்கத்து மரத்தின் மகரந்தம் காற்றிலோ தேனீயின் காலிலோ வந்து சேரவேண்டும். குட்டையில் இரண்டு பூவும் ஒரே காலத்தில் பக்குவப்படுவதால் அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கிறது.

இதன் பலனைப் பாருங்கள். குட்டையின் பிள்ளை பெரும்பாலும் தாயை உரித்து வைத்ததுபோல் இருக்கும். நெட்டையின் பிள்ளையோ தாய் பாதி, முகமறியாத தந்தை பாதி. ஒரே மரத்தின் பத்துக் காயை நட்டால் பத்தும் பத்து விதம். ரப்பரில் நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டி, அதே மரத்தை ஆயிரமாக்கிவிடலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த வேலை. தென்னையில் அது நடவாது. ஒட்டுப் பிடிக்கத் தேவையான வளர்படை அதன் தண்டில் இல்லை. எனவே நல்ல நெட்டை மரம் ஒன்று விழுந்தால், அதே மரம் மறுபடி கிடைப்பதில்லை.

“சாதகம் ஓலையில் இருக்கு”

சுங்கை பெசாரைத் தாண்டிக் கடற்பக்கம் திரும்பும் ஒரு செம்மண் சாலையில் நம்மவர் ஒருவரின் நிலம் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் தென்னந்தோட்டத்தில் நீண்ட கழியின் நுனியில் அரிவாள் கட்டித் தேங்காய் பறித்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது சேமிப்பைப் போட்டு இரண்டு ஏக்கர் வாங்கினாராம். நெட்டை மரங்களே அதிகம், வயதாகிவிட்டன. மகன் ஷா ஆலாமில் வேலை. “வெட்டிவிட்டுச் செம்பனை வையுங்கள், அப்பா” என்கிறானாம். மருமகள், “கலப்புத் தென்னை வைக்கலாம், மாமா” என்கிறாளாம். பெரியவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

“எதை வச்சு முடிவு பண்ணுவீங்க, ஐயா?” என்று கேட்டேன்.

“மரத்தைக் கேட்டுத்தான், தம்பி. மேலே பாருங்க, சாதகம் ஓலையில் இருக்கு” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. நல்ல நெட்டை மரத்தின் கொண்டையில் விரிந்த மட்டைகள் முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு மட்டையும் ஐந்தாறு மீட்டர் நீளம். இருபுறமும் இருநூறுக்கு மேற்பட்ட கீற்றுகள். ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மட்டைகள் புதிதாக விரியும். குட்டையின் மட்டையோ நீளம் குறைவு. ஆனால் அடிக்கடி விரியும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை பிறக்கும். ஆகவே மட்டையின் எண்ணிக்கையே குலையின் எண்ணிக்கை. குட்டை மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். நெட்டைக்கு ஆறேழு ஆண்டு பொறுக்க வேண்டும். ஆனால் நெட்டை பாட்டன் நட்டுப் பேரன் பறிக்கும் மரம். அறுபது ஆண்டுக்கு மேலும் காய்க்கும். குட்டைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

ஓலை நீளம் என்பது வெறும் அழகுக் கணக்கும் அன்று. ஒரு மரத்தின் ஓலை அடுத்த மரத்தின் ஓலையோடு சிக்கிக்கொள்ளாமல் வெயில் வாங்க வேண்டும். நெட்டையை மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 58 மரம். குட்டையை ஏழரை மீட்டரில் நட்டால் ஏறக்குறைய 83 மரம். இரண்டு ஏக்கர்க்காரருக்கு இந்த வேற்றுமை சிறியதா?

மட்டை விழுந்த இடத்தில் தண்டில் வளையம் விழும். அந்த வளையங்களை எண்ணி, பன்னிரண்டு பதின்மூன்றால் வகுத்தால், தண்டு தரைக்கு மேல் எழுந்த பிறகு மரம் கண்ட ஆண்டுகள் ஏறத்தாழத் தெரியும். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. மற்ற மரங்களைப்போல் தென்னந்தண்டு வருடா வருடம் பருப்பதில்லை. உருவானபோது என்ன பருமனோ அதுவே கடைசி வரை. வறட்சியிலோ பசியிலோ கிடந்த ஆண்டுகளில் தண்டு ஒடுங்கும். அந்த ஒடுக்கம் மறையாது. பெரியவர் நிலத்தில் ஒரு மரத்தின் நடுவே இடுப்பு ஒடுங்கியதுபோல் ஓர் இடம். “அது வாய்க்கால் அடைபட்டுக் கிடந்த காலம், தம்பி. மரம் மறக்காது” என்றார்.

காண்டாமிருக வண்டு குருத்தைக் கடித்த மரத்தில், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டுகள் தெரியும். இந்த வெட்டும் அந்த ஒடுக்கமும் வாழ்ந்த வாழ்வின் தழும்புகள். பிறவிக் குணம் வேறு, பட்ட காயம் வேறு. மரத்தைப் படிக்கிறவர் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தூரும் வேரும்

நிலத்தின் ஓரத்தில் பாரிட் வெட்டிய கரை இடிந்து, ஒரு நெட்டை மரம் சாய்ந்து கிடந்தது. வேர்ப்பகுதியை அருகில் பார்க்க நல்ல வாய்ப்பு. தூர் யானைக்காலைப்போல் உப்பியிருந்தது. அதைச் சுற்றிச் சுண்டுவிரல் பருமனில், ஒரே அளவாக, எண்ணி முடியாத வேர்கள்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான வேர்கள் கிளம்பிப் பக்கவாட்டில் ஓடும். நுண்ணிய வேர்த்தூவிகளும் அதற்கு இல்லை. வேரின் நுனிக்குச் சற்று மேலுள்ள இளம் பகுதியே தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுகிறது. வேர்களின் மேல் அங்கங்கே வெள்ளையாகச் சிறு முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை மூச்சு முளைகள். மண்ணுக்குள்ளிருந்து காற்று வாங்குவது அவற்றின் வேலை. கடலோரத்திலும் ஆற்றங்கரையிலும் தென்னை செழிப்பதையும், தேங்கிய தண்ணீரில் அதுவே மஞ்சளித்துச் சோர்வதையும் இதனால் புரிந்துகொள்ளலாம். ஓடும் தண்ணீர் அதற்கு விருந்து. நிற்கும் தண்ணீர் மூச்சுத்திணறல். சபாக் வட்டாரத்தில் தென்னை நிலம் என்றாலே வாய்க்கால் வெட்டிய நிலம் என்பதன் காரணமும் அதுவே.

இங்கும் நெட்டைக்கும் குட்டைக்கும் வேற்றுமை. நெட்டையின் உப்பிய தூர் அதன் அடையாளம். குட்டைக்கு அந்த உப்பல் கிடையாது. தண்டு மேலே எப்படியோ கீழேயும் அப்படியே. தூர் சிறுத்தால் வேர் புறப்படும் இடமும் சிறுக்கும். அதனால் வேர்கள் குறைவு, மெலிவு. மழை தவறினால் முதலில் வாடுவது குட்டைதான்.

வறட்சியில் வேரும் ஓலையும் கூட்டாளிகள். வேர் தண்ணீரைத் தேடும். ஓலை அதைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். ஓலையின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் பல வகைத் தென்னைகளை ஒப்பிட்டபோது, வறட்சியைத் தாங்கும் வகைகளின் ஓலையில் மெழுகு அதிகமாயிருப்பதையும், இலைத்துளைகள் நேரத்தோடு மூடிக்கொள்வதையும் கண்டார்கள். அந்த நிலையம் பழம்பெருமை உடையது. 1916-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு தென்னைக்கென்றே தொடங்கியது.

மண் செய்யும் மாற்றம்

பிறவிக் குணம் மட்டுமே மரத்தை ஆக்குவதில்லை என்பதற்கு சபாக் வட்டாரமே சாட்சி. கடலை ஒட்டிய பகுதி கனத்த களிமண். கடல் கொண்டுவந்து போட்ட வண்டல். அணைக்கரை கட்டி உப்பு நீரைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி வடித்தால் தென்னைக்கு அருமையான நிலம். உள்நாட்டுப் பக்கம், வயல்களுக்கு அப்பால் வட சிலாங்கூரின் சதுப்புக் காடு தொடங்குகிறது. அதன் ஓரங்களில் கறுத்த மண். மக்கிய மரமும் இலையும் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து பஞ்சுபோல் கிடப்பது.

ஒரே குலையின் இரண்டு காய்களை, ஒன்றைக் களிமண்ணிலும் ஒன்றைக் கறுத்த மண்ணிலும் வைத்தால் என்ன ஆகும்? களிமண்ணில் மரம் நிமிர்ந்து நிற்கும். கறுத்த மண்ணில் வாய்க்கால் வெட்டியதும் தண்ணீர் வடிந்து மண் அமிழத் தொடங்கும். ஆண்டுகள் போகப் போக தூரைச் சுற்றியிருந்த மண் இறங்கி, வேர்கள் வெளியே தெரியும். பிடிமானம் தளர்ந்து மரம் சாயும். சாய்ந்த மரம் மீண்டும் வெளிச்சத்தை நோக்கித் தலை நிமிர்த்துவதால் தண்டு வில்போல் வளையும். செம்பு, துத்தநாகம் போன்ற சத்துகளும் அந்த மண்ணில் குறைவு. ஓலை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். வளைந்த தென்னையைப் பார்த்து ஓவியம் போலிருக்கிறது என்கிறோம். மரத்துக்கு அது ஆண்டுக்கணக்கான தடுமாற்றம்.

ஆகவே விதை நல்லது என்பது பாதி விடை. எந்த மண்ணுக்கு நல்லது என்பது மறுபாதி.

கலப்புப் பிள்ளையின் கதை

நெட்டையின் ஆயுளும் குட்டையின் விரைவும் ஒரே மரத்தில் சேராதா என்ற ஆசை பழையது. அதை முதலில் நிறைவேற்றியவர் சென்னை மாகாண விவசாய இலாகாவின் ஜே. எஸ். பட்டேல். அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நீலேசுவரம் ஆய்வுப் பண்ணையில் 1932-ஆம் ஆண்டு நெட்டையையும் குட்டையையும் கலந்து பிள்ளை எடுத்தார். கலப்புப் பிள்ளைகள் பெற்றோர் இருவரையும்விடத் துடிப்பாக வளர்ந்தன. தென்னையில் கலப்பு வீரியம் உண்டென்று உலகம் அறிந்தது அங்கிருந்துதான்.

பின்னர் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நம் மலாயன் குட்டையைத் தாயாகவும், மேற்கு ஆப்பிரிக்க நெட்டையைத் தந்தையாகவும் வைத்து ஒரு கலப்பை உண்டாக்கினார்கள். அதுவே ‘மாவா’. 1970-களிலும் 1980-களிலும் மலேசியாவில் அது பரவலாக நடப்பட்டது. காய் நிறையத் தள்ளியது. ஆனால் காய் சிறியது. சந்தையில் தேங்காயை எண்ணி விற்கிற நாட்டில், கைக்கு அடங்கும் காயை வாங்குவோர் முகம் சுளித்தார்கள். பிறகு மலாயன் குட்டையோடு பிலிப்பைன்ஸ் நாட்டின் தக்னானன் நெட்டையைக் கலந்த ‘மாத்தாக்’ செல்வாக்குப் பெற்றது. காய் பெரிது, பருப்பும் மிகுதி. இன்று கலப்புத் தென்னை என்று நம் நாட்டில் கேட்டால் பெரும்பாலும் கைகாட்டப்படுவது அதுதான்.

கலப்புப் பிள்ளையை எப்படி அடையாளம் காண்கிறார்கள் தெரியுமா? ஓலைக்காம்பின் நிறத்தால்தான். தாய் மஞ்சள் குட்டையாக இருந்தால், தன் மகரந்தத்தாலேயே உண்டான கன்றின் காம்பு தாயைப்போல் மஞ்சளாகவே இருக்கும். நெட்டையின் மகரந்தம் சேர்ந்திருந்தால் காம்பில் பச்சையோ பழுப்போ ஏறிவிடும். நாற்றங்காலில் கன்று முழங்கால் உயரம் வருமுன்பே மஞ்சள் காம்புக் கன்றுகளைப் பிடுங்கி ஒதுக்கிவிடுவார்கள். ஆறு ஆண்டு கழித்துத் தெரியவேண்டியதை ஆறு மாதத்துக்குள் சொல்லிவிடுகிறது அந்தச் சின்னக் காம்பு.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அண்டை வீட்டுக் கலப்புத் தென்னை நன்றாகக் காய்க்கிறது என்று அதன் காயை வாங்கி நட்டால் அதே மரம் வராது. கலப்பின் பிள்ளைகள் பாட்டன் பக்கம் சில, பாட்டி பக்கம் சில என்று சிதறிவிடும். ஐந்தாறு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பிறகு அந்த ஏமாற்றம் தெரியவரும். கலப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நாற்றங்காலிலிருந்துதான் வாங்க வேண்டும்.

ஜமைக்காவும் கேரளமும் சொல்லும் பாடம்

“எது நல்லதோ அதையே எங்கும் வைத்துவிட்டால் என்ன?” என்று தோன்றலாம். இதற்கு விடை மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஒருவகை மஞ்சள் வாடல் நோய் பரவி, தீவின் நெட்டைத் தென்னைகள் லட்சக்கணக்கில் மொட்டைக் கம்பங்களாயின. நோயைத் தாங்கி நின்றது நம் மலாயன் குட்டை. உடனே அதையும், அதோடு பனாமா நெட்டையைக் கலந்த ‘மேபான்’ என்ற கலப்பையும் நாடெங்கும் நட்டார்கள். பல ஆண்டு நிம்மதி. ஆனால் 1990-களின் பிற்பகுதியில் அந்த மரங்களும் அதே நோயில் விழத் தொடங்கின. ஒருவரைப்போல் ஒருவர் இருக்கும் பிள்ளைகளுக்குள் நோய் புகுந்தால், ஒருவர் வீழ்ந்த வழியே எல்லாரும் வீழ்வார்கள்.

கேரளத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1882-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் வேர்வாடல் நோய், நூறாண்டுக்கு மேலாகத் தென்னையை வாட்டுகிறது. ஓலையின் கீற்றுகள் விலா எலும்புபோல் உள்வளைந்து தொய்யும். கீழே வேர்கள் அழுகும். இப்போது தமிழ்நாட்டின் பொள்ளாச்சி வட்டாரமும் அதனால் துன்பப்படுகிறது. பாழான தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே சில மரங்கள் பசுமையாக நின்றன. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து விதை எடுத்தார்கள். நோய்ப் பகுதிகளுக்கென்று காயங்குளம் ஆய்வு நிலையம் கொடுத்த வகைகளில் ஒன்றான ‘கல்பரக்ஷா’, மலாயன் பச்சைக் குட்டையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் பிழைப்புக்காக அங்கிருந்து இங்கு வந்தோம். இங்கத்திய மரம் ஒன்று அங்கத்திய தோப்பைக் காக்கப் போயிருக்கிறது.

காப்பாற்றிய மரம் எங்கோ ஒரு மூலையில் வெட்டப்படாமல் நின்றிருந்ததால்தான் இது கைகூடியது. வேற்றுமை என்பது மரத்தின் கைம்முதல். எந்த நோய்க்கு, எந்த வறட்சிக்கு எந்த ஓலையும் எந்த வேரும் கைகொடுக்கும் என்பது வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டு கடல், இரண்டு குடும்பம்

2011-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு மகிழ்ச்சி தரும் செய்தியைச் சொன்னது. கென்னத் ஓல்சன், பீ கன், லூக் போதுவான் ஆகியோர் உலகின் பல பகுதிகளிலிருந்து 1,300-க்கும் மேற்பட்ட தென்னைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தென்னை மனிதன் கையில் இரண்டு இடங்களில் தனித்தனியே பயிராகியிருக்கிறது என்று கண்டார்கள். ஒன்று இந்தியப் பெருங்கடல் பக்கம்: தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு. மற்றொன்று பசிபிக் பக்கம்: மலாய்த் தீவுக்கூட்டமும் பிலிப்பைன்ஸும். முன்னதன் காய் நீண்டு, நார் மிகுந்து இருக்கும். பின்னதில் உருண்டையான, தண்ணீர் நிறைந்த காய்கள் மிகுதி. நம் மலாயன் குட்டை இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது.

இரண்டு குடும்பமும் கடல்வழி வாணிபத்தில் கலந்த இடங்களும் உண்டு. மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் அப்படிப்பட்டவை. மனிதர் போன வழியே மரமும் போயிருக்கிறது.

எதை நடுவது?

மீண்டும் பெரியவரின் இரண்டு ஏக்கர். மலேசியா இன்று தன் தேவைக்கு இந்தோனேசியாவிலிருந்து தேங்காய் வாங்குகிற நாடு. தீபாவளி நெருங்கினால் தேங்காய் விலையைப் பற்றி வீட்டுக்கு வீடு புலம்பல் கேட்கிறது. இந்த நிலையில் இருக்கிற தென்னையை யோசியாமல் வெட்டுவது சரியாகாது. வயதான மரத்தை அப்படியே விட்டுவைப்பதும் வருமானத்துக்கு உதவாது. வீட்டு வாசலில் இரண்டு மரம் வைக்க நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால், பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் மண். தண்ணீர் தேங்குகிறதா, வடிகிறதா என்று பாருங்கள். தேங்கினால் வாய்க்கால் வெட்டிய பிறகே கன்று. கறுத்த மண்ணானால் கன்றை ஆழமாக நடுவதும், பின்னர் தூருக்கு மண் அணைப்பதும் அவசியம்.

இரண்டாவது காலம். விரைவில் இளநீரும் பணமும் வேண்டுமென்றால் குட்டை அல்லது கலப்பு. பேரப்பிள்ளைக்கும் சேர்த்து வேண்டுமென்றால் நெட்டை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத நிலத்தில் குட்டையை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது தாய்மரம். நெட்டையில் விதைக்காய் எடுப்பதானால், முப்பதுக்கு மேல் மட்டைகள் கொண்டு, குட்டையான தடித்த காம்புகளோடு கொண்டை உருண்டையாக இருக்கும் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு தவறாமல் காய்க்கிற மரமா என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். பறித்தவர் மறந்தாலும் துருவியவர் மறக்கமாட்டார். வீட்டுக் கழிவுநீர் ஓடும் இடத்தில் கொழுத்து நிற்கும் மரத்தை நம்பாதீர்கள். அது மண்ணின் செழிப்பு, பிள்ளைக்கு வராது.

நான்காவது கலவை. எல்லாவற்றையும் ஒரே வகையாக வைக்காதீர்கள். ஜமைக்காவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் கடைசியில் என்ன செய்யப்போகிறார் என்று கேட்டேன். நிலத்தின் கடற்பக்கத்தில் நிற்கும் ஏழு நெட்டை மரங்களின் தண்டில் சுண்ணாம்பு பூசியிருந்தார். முதலில் அவை வெட்டப்படுவதற்கான குறி என்றுதான் எண்ணினேன்.

“இல்லே தம்பி, இது நிக்கிறதுக்குக் குறி. மத்ததை எடுத்துட்டு மருமக சொன்ன கலப்பை வைக்கப் போறோம். இந்த ஏழும் அது பாட்டுக்கு நிக்கட்டும். விதைக்கு ஆகும்” என்றார்.

சபாக் சாலையில் அடுத்த முறை போகும் அன்பர்கள் சுங்கை பெசாரைத் தாண்டியதும் கண்ணயர வேண்டாம். ஓலையின் நீளத்தையும் தூரின் உப்பலையும் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுங்கள். எது நெட்டை, எது குட்டை, எது கலப்பு என்று அவர்களையே சொல்லவிடுங்கள். பெர்ணம் ஆறு வருமுன் அவர்களுக்கு அது பழகிவிடும்.